சிந்தாத தேத்தண்ணியும் ஏறாத மாமியும்

வாகனம் பார்க்கப் போகிறவன் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டால் பாதி ஆபத்து தப்பும். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அந்த வசனம் வாயில் வராது. புது மாப்பிள்ளைக்குச் சத்தியமாக வராது. (கல்முனையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். போன இடத்தில் மரியாதை தேட நாங்கள் படுவது நாய் படாத பாடு.)

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. என் மாமிக்கு, மனைவியின் உம்மாவுக்கு, கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுவிட்டது. மெல்ல நடப்பார், வேலை செய்வார். பஸ் குலுக்கல் மட்டும் ஆகாது, உயிர் போய் வரும். பாலமுனையில் அவருடைய ராத்தா, கூடப்பிறந்த அக்கா, வாதம் வந்து படுக்கையில் கிடந்தார். இரண்டு பேரும் போவோர் வருவோரிடம் ஸலாம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"ராத்தாட மொகத்த ஒருக்காப் பாத்தாப் போதும்" என்று மாமி சொல்லும்போதெல்லாம் மாமா எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்த வருடம் பெரும்போக நெல் நன்றாக விளைந்தது. மாமா கார் வாங்குவதென்று முடிவெடுத்தார்.

"ஆட்டம் இல்லாத காரா இரிக்கோணும். மருமகன் கொழும்புல இரிந்தவரு. அவரு பாத்துச் சொல்லட்டும்."

கொழும்பில் நான் இருந்தது புடவைக்கடையில். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஹனீபா ஹாஜியார் என்றொரு தரகர் ஜப்பான் காரொன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பின்பக்கம் நீண்ட கார். "டேர்போ டீசல்" என்றார்.

"டேர்போ எண்டா என்ன மருமகன்?" என்று மாமா கேட்டார்.

"காத்த உள்ளுக்கு இழுக்குற சாமான், மாமா." இந்த அளவில் சரி. இதோடு வாயை மூடியிருக்கலாம். "உள்ளுக்குக் காத்து இரிந்தா ஆட்டம் எப்பிடி வரும்? மெத்தைதான்!"

(என்ஜினுக்குப் போகிற காற்றுக்கும் எங்கள் முதுகுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஹாஜியாருக்கு அது தெரியும். என்னைப் பெரிய ஆலிமைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.)

ஓட்டிப்பார்க்க வீடே கிளம்பியது. எங்களிடம் ஒருவர் மட்டும் போய்ப் பார்க்கிற பழக்கம் பெண் பார்ப்பதிலும் இல்லை, கார் பார்ப்பதிலும் இல்லை. மாமா, மாமாவின் தம்பி, என் மனைவி, அவளுடைய தங்கைமார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஆளுக்கு மேல் ஆள். "ஏறுங்க, ஏறுங்க, புள்ளைகளையும் ஏத்துங்க!" என்று ஹாஜியாரே கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏற்றினார். எவ்வளவு பெரிய மனசு என்று நான் நினைத்தேன்.

மாமி மட்டும் வரவில்லை. "நீங்க பாத்து நல்லம் எண்டு சொல்லுங்க. மறுகா நான் ஏறுறன்."

காரின் முன்தட்டில் ஒரு கிளாஸ் தேத்தண்ணியை வைத்தேன். அதுதான் என் பரீட்சை. நிந்தவூர் வரைக்கும் போய்த் திரும்பினோம். வழியில் இல்லாத குழியா? கார் தொட்டில்போல அசைந்ததே தவிர ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இறங்கியதும் அந்தத் தேத்தண்ணியை எல்லோருக்கும் முன்னால் குடித்துக் காட்டினேன். கார் எங்களுடையதாயிற்று.

அடுத்த வெள்ளி, ஜும்ஆ முடிந்து, மாமி பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே ஏறினார். முன்னால் மாமா, ஓட்டியது நான். அவருக்குத் தாராளமாக இருக்கட்டும் என்று வேறு யாரையும் ஏற்றவில்லை.

ஊர் தாண்டவில்லை, கார் குதிக்கத் தொடங்கிவிட்டது. சாதாரணக் குதிப்பா அது! மதகில் ஏறினால் மாமியின் தலை கூரையில் முட்டியது. மிதித்தால் கொஞ்சநேரம் சும்மா இருக்கும், பிறகு அந்த டேர்போ விழித்துக்கொண்டு முதுகில் உதைத்ததுபோலப் பாயும்.

"என்டல்லாஹ்! மனே, மெல்லப் போங்க மனே!"

மாமா என்னைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட ஏசியிருக்கலாம்.

நிந்தவூரில் நிறுத்திவிட்டேன். மாமியின் கண்ணெல்லாம் தண்ணீர். "திருப்புங்க" என்றார் மாமா. மாமி தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "செத்தாலும் பரவாயில்ல, ராத்தாட ஊட்டுக்குப் போய்ச் சாகிறன்" என்றார். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போது பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் கூட்டமொன்று மாமியைக் கண்டுவிட்டது. "என்னகா ஆயிசா! பாலமுனைக்கா? நாங்களும் அங்கதான் போறம், கலியாண ஊட்டுக்கு!" மாமா வாய் திறப்பதற்குள் ஏறிவிட்டார்கள். பின்னால் இரண்டு அரிசி மூட்டையும் ஏறிற்று. மாமி நடுவில் நெருக்குண்டு கிடந்தார். இன்றோடு கதை முடிந்தது என்று பிஸ்மி சொல்லிக் காரை எடுத்தேன்.

பாலமுனைக்குப் பாதி வழி போகும்போது பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது: "மருமகன், இப்ப என்ன செஞ்சீங்க? ஆடல்லியே!"

அப்போதுதான் மரமண்டைக்கு உறைத்தது. அந்தக் காருக்குப் பின்னால் போட்டிருந்தது பாரம் சுமக்கிற லொறி வில்லு, கெட்டியான ஸ்பிரிங். ஆள் நிறைந்தால் அமரும், வெறுமையாக ஓடினால் குதிக்கும். யாருக்காகக் கார் வாங்கினோமோ அவரைத் தவிர ஊரையே ஏற்றிப் பரீட்சை பார்த்திருக்கிறேன்!

பாலமுனையில் ராத்தா மாமியின் கையைப் பிடித்தவர் பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை விடவில்லை. நான் வாசல்படியில் குனிந்த தலையோடு இருந்தேன். உள்ளே மாமி வந்த கதையைச் சொல்வதும் இரண்டு பேரும் சிரிப்பதும் கேட்டது. விழுந்த பிறகு மாமி அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "என்ட மருமகனும் அந்தக் கார் மாதிரித்தான் ராத்தா. பாரம் ஏத்தினாத்தான் குதிக்காம ஓடுவாரு."

அதற்குப் பிறகு எங்கள் கார் ஆள் நிறையாமல் பாலமுனைக்குப் போனதே இல்லை. ராத்தா மவுத்தாகிக் கண்மூடும்வரை வெள்ளிதோறும் பஸ் நிற்கிற இடத்தில் ஆட்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

இன்றைக்கும் வீட்டில் நான் கொஞ்சம் துள்ளினால், "ஒரு மூட்டைய ஏத்துங்க" என்பாள் மனைவி. எங்கள் ஊரில் மகள் ஒவ்வொருத்திக்கும் வாப்பா ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். எனக்கு மூன்றாவதும் மகளாகப் பிறந்த அன்று மாமி பிள்ளையைக் கையில் வாங்கி, நெற்றியில் கொஞ்சி, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! இனி இவரு குதிக்கமாட்டாரு."