கருநாகத்தைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய விவரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் மனைவி நலம், உங்கள் இணையக் கடையும் நலம். முதல் இரண்டுக்கும் ஆண்டவன் காரணம், மூன்றாவதுக்கு நான்.

நீங்கள் வெளியூரில், மகள் துணி வாங்கப் போய்விட்டாள், அவள் கணினிக்குக் காவலாக நான் மட்டும் உட்கார்ந்திருந்தபோது கடை மென்பொருளைச் செய்தவர்களிடமிருந்து சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. மென்பொருளில் பெரிய ஓட்டையாம், திருடன் அதன் வழியே புகுந்தால் வாடிக்கையாளர்களின் முகவரி, அட்டை எண் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவானாம். குழந்தைச் சட்டை தைத்துத் தைத்து அவள் சம்பாதித்த நல்ல பேர் ஆயிற்றே, போனால் திரும்பி வருமா? உடனே ஓட்டையை அடைக்கவும் என்று முதலில் போட்டிருந்தது. அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அறிமுகமில்லாத நிர்வாகி யாராவது உள்ளே இருந்தால் நீக்கவும் என்று அடுத்துப் போட்டிருந்தது. காலமெல்லாம் கிடங்குக் காவல் பார்த்தவனுக்கு அது புரியாமல் போகுமா? பட்டியலைத் திறந்தேன். மகள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே 'கருநாகம்' என்று ஒருவன். அவனுக்கு எல்லா அதிகாரமும் உண்டாம், அந்த நிமிடமே உள்ளே ஏதோ நோண்டிக்கொண்டிருக்கிறானாம். குடும்பம் நடத்துகிறவன் வைத்துக்கொள்கிற பேரா அது? 'நீக்கு' என்பதை அழுத்தினேன். ஆள் காலி.

கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கிறது, தெரியாத எண். மாப்பிள்ளை பேசுகிறேன், எதையும் தொடாதீர்கள் என்கிறான். குரலைக்கூட உங்களை மாதிரியே பழகி வைத்திருக்கிறான், எமகாதகன். "என் மாப்பிள்ளைக்கு என்கூடப் பேசற வழக்கமே கிடையாதுப்பா, எதுன்னாலும் பொண்ணுகிட்டதான் சொல்லி அனுப்புவார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். விடாமல் அடித்தான். யாருகிட்ட? போனையே அணைத்து, கடையின் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து இந்த மின்னஞ்சலை எழுதுகிறேன். கிழவன் வீட்டில் தண்டமாக இருக்கிறான் என்று யாராவது நினைத்தால் (உங்களைச் சொல்லவில்லை) இதைப் படித்துக் காட்டவும்.

நேரத்துக்குச் சாப்பிடவும். திருட்டுப் பயம் இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கடையைக் காத்த மாமனார்

பி.கு.: அனுப்புவதற்குள் மகள் வந்துவிட்டாள். கருநாகம் என்பது கல்லூரியில் நீங்களே உங்களுக்கு வைத்துக்கொண்ட பெயராம். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவருக்கு இப்படி ஒரு பெயர் இருக்கும் என்று நான் கனவா கண்டேன்? போன் செய்ததும் நீங்கள்தானாம், அலுவலக எண்ணிலிருந்து. அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தபோது பாதியில் உங்களைத்தான் தள்ளிவிட்டிருக்கிறேன். இப்போது நாங்கள் உள்ளே, நீங்கள் வெளியே, நடுவில் பாதி ஓட்டை. உங்களை மறுபடி எப்படி உள்ளே சேர்ப்பது, மிச்சத்தை எப்படி அடைப்பது என்று தெரியாமல் மகள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். அணைத்த போனை மறுபடி போட்டுக் கையிலேயே வைத்திருக்கிறேன். தயவுசெய்து என்னோடு பேசுங்கள், மாப்பிள்ளை.