நிலையங்கியை யார் போடுவார்கள்?

ஒரு சொல்லின் மேல் ஆசைப்பட்டு, கல்யாணத்தையே நிறுத்திக்கொள்ளப் பார்த்தவன் மதுரை ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது எனக்கு கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியர் வேலை. (அனுபவம் குறைவு, திமிர் அதிகம்.) பழைய காலத்து மேலங்கிகளுக்கு என்னென்ன பெயர், எதை யார் போட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். கஞ்சுகம், அரசனின் ஏவலாட்கள் போட்டது. மெய்ப்பை, யவன வீரர்கள் போட்டது. சட்டையை உடம்புக்கான பை என்று யோசித்தவனைக் கும்பிடத் தோன்றியது. குப்பாயம் நம்மிடம் வழக்கொழிந்து மலையாளத்தில் சௌக்கியமாக இருக்கிறது. கடைசியாகக் கிடைத்தது நிலையங்கி. பாதம் வரை தொங்குவது. யார் போட்டார்கள் என்ற இடத்தை மட்டும் அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம் என்று காலியாக விட்டுவிட்டேன்.

அந்த வாரம்தான் எனக்கு நிச்சயித்திருந்த கயல்விழியின் அண்ணன் சோழவந்தானிலிருந்து போன் செய்தார். மாப்பிள்ளைக்கு உடுப்பு எடுப்பது பெண் வீட்டு முறை.

"மாப்ள, மொத நாள் சாயங்காலம் ரிசப்ஷனுக்கு என்ன டிரெஸ்? ஷெர்வானி எடுத்துருவமா?"

"தமிழ் வாத்தியார் கல்யாணத்துல ஷெர்வானியா மச்சான்? நிலையங்கின்னு சொல்லுங்க. காளவாசல்ல நல்ல டெய்லராப் பாத்து, இதே வார்த்தையச் சொல்லுங்க."

"என்ன கலரு?"

"வெள்ளை. பளிச்சுன்னு இருக்கணும்."

மறுநாளே கூப்பிட்டார். "சொன்னதும் டக்குன்னு புரிஞ்சுக்கிட்டாரு மாப்ள. எம்புட்டோ தச்சிருக்காராம்." எனக்குப் புல்லரித்தது. காளவாசல் வரைக்கும் நல்ல தமிழ் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் சொன்னேன்.

ரிசப்ஷன் அன்று மண்டபத்து அறையில் பெட்டியைத் திறந்தேன். வெள்ளை வெளேரென்று, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே அங்கி. வரிசையாகப் பட்டன்கள். இடுப்பில் கட்ட ஒரு பட்டை. மாதா கோயிலில் பூசை வைக்கிற ஃபாதர் போடுவது. நோட்டில் காலியாக இருந்த இடம் அந்த நிமிடம் நிரம்பியது.

வேண்டாமென்றால் பெண் வீட்டு உடுப்பை உதறியதாகும். மச்சான் வேறு பக்கத்தில் நின்று, "அளவு சரியா இருக்கா மாப்ள? நீங்க கேட்டதாச்சேன்னு நான் வேற ஒண்ணும் பேசல" என்றார். போட்டுக்கொண்டேன். (அளவு மட்டும் அச்சாக இருந்தது.)

மேடை ஏறியதும் முன்வரிசையில் ஓர் அத்தை பக்கத்தில் இருந்தவரிடம், "மாப்ள வேதக்காரரா? சொல்லவே இல்லையே" என்று கேட்டது காதில் விழுந்தது. அந்தப் பேச்சு பந்திக்குப் போய், சுற்றி மாமனாரிடம் வந்து சேர்ந்தபோது நான் மதம் மாறி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் நேராக மேடைக்கு வந்தார்.

"மாறுறது அவுகவுக இஷ்டம் தம்பி. மறைச்சீகளே, அதான் தப்பு. நாளைக்குத் தாலி கட்டுறதா வேணாமான்னு எங்க ஆளுகளக் கேட்டுட்டு வாரேன்."

பொருள் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். நான் கஞ்சுகத்திலிருந்து ஆரம்பித்தேன். மெய்ப்பைக்கு வருவதற்குள் மாமனார் படியிறங்கத் தொடங்கியிருந்தார்.

கயல்விழிதான் குறுக்கிட்டாள். அவளும் நானும் அதுவரை பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

"இதை யாரு போடுவாங்கன்னு தெரியாமத்தான் கேட்டீங்களா?"

"தெரியாமத்தான்."

"அப்பா, இவரு வேதத்துலயும் சேரல, ஒண்ணுலயும் சேரல. அகராதியில சேந்துட்டாரு. விடுங்க."

மாமனார் திரும்பி என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். சிரிப்பு தாங்காமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் காலை, அவர் எடுத்துக்கொடுத்த வேட்டியில் தாலி கட்டினேன்.

சோழவந்தானில் எனக்கு இன்றும் பெயர் 'ஃபாதர் மாப்ள'. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன மாதம் எங்கள் ஐந்து வயது மகள் ரிசப்ஷன் ஆல்பத்தை மடியில் வைத்து, பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, எல்லா போட்டோலயும் ஃபாதர்தான் உன் பக்கத்துல நிக்கிறாரு. ரிசப்ஷனுக்கு அப்பா ஏன் வரல?"