கலங்கரை விளக்கத்துக்குக் காவல்

படைப்பாளி மறைந்தாலும் படைப்பு வாழும். அதைத் திருடுகிறவன் ஒரு நாகரிகத்தின் உயிரையே திருடுகிறான்.

அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் உள்ள ஒரு சிற்றூரின் போட்டோ கிளப்பில் வெண்டல் திபடோ இதை அடிக்கடி சொல்வார். இப்போது நாகரிகத்தின் உயிர், ஆம்புரோஸின் சிங்கி இறால் கடையில், தட்டுக்கு அடியில் விரிக்கிற காகிதத்தில் அச்சாகியிருந்தது. அதன்மேல் உருக்கிய வெண்ணெய் வேறு சொட்டியிருந்தது.

வெண்டல் எடுத்த கலங்கரை விளக்கப் படம் அது. பின்னால் வானம் ஆரஞ்சும் ஊதாவுமாகப் பற்றி எரியும். ஊர் நூலகக் காலண்டருக்கு இந்த முறை அதுதான் அட்டைப்படம் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. இதுவரை அவர் படத்துக்குப் பிப்ரவரிப் பக்கம்தான் கிடைத்துவந்தது. அதிலும் நாட்கள் குறைவு.

"கேக்காம எடுத்துட்டியே, ஆம்புரோஸ்?"

"இன்டர்நெட்ல சும்மா கிடந்துச்சுப்பா. யாரோடதுன்னு போட்டிருந்தா கேட்டிருக்க மாட்டேனா?"

வெண்டல் வீட்டுக்குப் போய்ப் படத்தின் ஓரத்தில் தன் பெயரைப் போட்டு மறுபடி வலையேற்றினார். அடுத்த கட்டுக் காகிதத்தில் படம் இருந்தது, ஓரம் இல்லை.

"கீழ என்னமோ கிறுக்கியிருந்துச்சு, வெட்டிட்டேன்" என்றார் ஆம்புரோஸ். "உன் படம் பார்க்க நல்லா இருக்கணும்ல?"

இம்முறை பெயரைப் படத்தின் நடுவில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போட்டார். காலண்டர் குழுத் தலைவி ஹாஸ்கல் அம்மாளுக்கும் அதையே அனுப்பினார். உடனே போன் வந்தது.

"வெண்டல், கலங்கரை விளக்கம் எங்க?"

"என் பேருக்குப் பின்னால இருக்கும்மா."

"கப்பல்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான்?"

மனைவி லொரெய்ன் திரையை எட்டிப் பார்த்தாள். "வீட்டுக்கு வேலி போடலாம். வாசப்படியையும் சேர்த்து அடைச்சா நாம எந்தப் பக்கமா உள்ள போறது?"

அப்போதுதான் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் பற்றி வெண்டல் படித்தார். உரிமையாளரின் பெயர் படத்தின் புள்ளிகளுக்குள் கரைந்துவிடும். வெட்டினாலும் சுருக்கினாலும் சாகாது. அதற்கான மென்பொருள் மட்டுமே அதைப் படிக்கும். எவ்வளவு அழுத்தமாகப் பதிப்பது என்பதை நாமே கூட்டிக் குறைக்கலாம். முப்பது வருடம் இன்சூரன்ஸ் விற்றவர் வெண்டல். பாதுகாப்பில் அரைகுறை அவருக்கு ஆகாது. கடைசி எல்லைவரை கூட்டி அனுப்பினார்.

"வானத்துக்கு என்ன, அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டார் ஹாஸ்கல் அம்மாள். "இதை அட்டையில போட்டா குழந்தைங்க பயப்படும்."

பெயர் எதுவும் பதிக்காத பழைய பிரதியை எடுத்து, அழுத்தத்தைக் குறைத்து மீண்டும் பதித்தார். முதல் தடவை வழியில் இருந்ததையெல்லாம் மிதித்துக்கொண்டு போன மென்பொருள், இந்தத் தடவை மெதுவாகப் போனதால் தடுக்கி நின்றது.

'இந்தப் படத்தில் ஏற்கெனவே வேறொருவரின் குறி உள்ளது.'

வெண்டல் லொரெய்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஆம்புரோஸ்தான். என் படத்துக்குள்ளயே அவன் பேரை ஒளிச்சு வெச்சிருக்கான்."

"அவருக்கு ஈமெயில் அனுப்பவே தெரியாதுங்க."

"எல்லாம் நடிப்பு. பேஸ்பால் ஸ்கோர் பார்க்கறேன்னு நம்ம கம்ப்யூட்டர் முன்னாடி வந்து உட்கார்ந்தானே, எதுக்கு?"

காலண்டர் குழு நூலகத்தில் கூடியது. ஆம்புரோஸையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவர் டோனட் தட்டுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"இது தீராம அட்டையை முடிவு பண்ண முடியாது, வெண்டல்" என்றார் ஹாஸ்கல் அம்மாள்.

"தீர்த்துடலாம். அசல் படத்தை அந்தக் கம்பெனிக்கே அனுப்பிட்டேன். உள்ள யார் பேர் இருக்குன்னு அவங்களே சொல்லட்டும்." வெண்டல் எழுந்து நின்று, கலையையும் களவையும் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினார். நாகரிகம் வந்தது, அதன் உயிரும் வந்தது. பிறகு போனை மேசை நடுவில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, வாட்டர்மார்க் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தார்.

ஒரு பெண் பணிவாகப் பேசினாள். "படத்தைப் பார்த்துட்டேன் சார். குறி இருக்கு. நல்லாவே பதிஞ்சிருக்கு."

வெண்டல் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். ஆம்புரோஸ் கடித்த டோனட்டைக் கீழே வைத்தார்.

"யாரோடதுன்னு சத்தமாச் சொல்லும்மா. திருடன் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கான்."

"ஒரு நிமிஷம் சார். கலங்கரை விளக்கத்துல ஒண்ணும் இல்ல. கடல்லயும் இல்ல. குறி வானத்துல மட்டும்தான் இருக்கு. மேகமூட்டமா வந்த படத்துல ஒட்டிக்கிறதுக்காக எடிட்டிங் சாஃப்ட்வேரோட இலவசமா வர்ற வானம் சார் இது, ஏழாம் நம்பர். அரிசோனா பாலைவனத்துல எடுத்தது."