நார்வேக்காரர் சொன்னால் சரி

டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாவது தோசைக்கும் நான்காவது தோசைக்கும் நடுவே, நெடுஞ்செழியன் தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்வது என்று முடிவெடுத்தார்.

"இனிமே நான் ஸ்க்ரீனைப் பார்த்துட்டே உட்கார்ந்திருக்க மாட்டேன் கண்ணு. கையால ஒரு பொருளைத் தொட்டு, உயிர் குடுத்து, ஓட வைக்கப்போறேன்."

கண்மணி தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "மிக்ஸி ஓடலைங்க" என்றாள்.

அவர் சொல்ல வந்தது மிக்ஸியைப் பற்றி இல்லை. அடுத்த சனிக்கிழமையே பக்கத்து ஊரான ஹட்டோவைத் தாண்டி ஒரு பண்ணைக்குப் போய், எழுபதுகளில் செய்த ஒரு அமெரிக்க ஸ்டேஷன் வேகனை டோ டிரக்கில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வண்டியின் தலை அவர்கள் வீட்டு டிரைவ்வேயில் இருந்தது, வால் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தது. பக்கவாட்டில் மரப்பலகை மாதிரி ஒட்டியிருந்த தாள் பாதி உரிந்து வாழைப்பட்டையாகத் தொங்கியது. கடைசி இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இருந்தது. அதில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். கோழியைப் பண்ணைக்காரர் எடுத்துக்கொண்டார். வாசனையை விட்டுவிட்டார்.

கண்மணி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்குப் பேரு என்னங்க?"

"ஸ்டேஷன் வேகன்."

"வேகம் எங்க?"

"வேகம் இல்ல கண்ணு, வேகன்."

"அதத்தானுங்க நானும் சொல்றேன், வேகம் இல்ல."

எட்டாவது படிக்கும் மகள் ஓவியா வாசல்வரை வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஒய்?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏன் என்று அவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆபீஸில் அவருடைய டீமில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து நெடுஞ்செழியனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் கால் ஆடும் ஆட்டத்தில் கிண்ணத்துச் சாம்பார் அலையடிக்கும். உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் எதையாவது ஆரம்பிப்பார். கிடாரை ஆரம்பித்தார். ரொட்டி சுட ஆரம்பித்தார். நட்சத்திரம் பார்க்க ஒரு டெலஸ்கோப் வாங்கினார், ஏரியில் துடுப்புப் போட ஒரு கயாக் வாங்கினார். எல்லாமே ஆரம்பித்த இடத்திலேயே நின்று, கடைசியில் கராஜில் வந்து படுத்துவிட்டன. அதனால் அவர்கள் வீட்டில் கார்கள் வெயிலிலும் ஆலங்கட்டி மழையிலும் வெளியே நிற்க, பொழுதுபோக்குகள் எல்லாம் கராஜுக்குள் சுகமாக இருந்தன.

இப்போது இந்த வேகன். அதன் மூடியைத் திறந்து பார்த்த நெடுஞ்செழியனுக்கு, அதற்குள் இருப்பதில் பேட்டரி மட்டும்தான் அடையாளம் தெரிந்தது. யூடியூபில் தேடினார். உலகத்திலேயே அந்த மாடலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டி வீடியோ போடுகிறவர் ஒருத்தர்தான் அகப்பட்டார். அவரோ அமெரிக்காவில் இல்லை. நார்வேயில், லில்லஹாமர் என்ற ஊரில் இருந்தார். பெயர் டோர்ஸ்டைன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பனி கொட்டுகிற ஊரில் இருந்துகொண்டு அமெரிக்கப் பழைய வண்டிகளைத் தன் கையாலேயே சரிசெய்து ஓட்டுகிறார். ஊரின் பெயரிலேயே ஹாமர் இருக்கிறது, இவரைவிட வேறு யார் வேண்டும் என்று நெடுஞ்செழியன் முடிவு கட்டினார். எழுதிக் கேட்டதும் அந்த நல்ல மனிதர், சனிக்கிழமைதோறும் வீடியோ காலில் பேசலாம் என்று ஒப்புக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை டோர்ஸ்டைன் வண்டியைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. கராஜைக் காட்டச் சொன்னார். நெடுஞ்செழியன் போனைத் திருப்பிக் காட்டினார். நார்வேயில் ஒரு மூக்குக்கண்ணாடி துடைக்கப்பட்டுத் திரும்ப மூக்கில் ஏறியது. பிறகு டோர்ஸ்டைன், முதலில் இதைக் காலி பண்ணுங்கள், வண்டியை அப்புறம் பேசலாம் என்றார்.

கராஜைக் காலி பண்ணச் சொல்லி நாலு வருஷமாகக் கண்மணி தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லியிருந்தாள். அப்போதெல்லாம் நெடுஞ்செழியனுக்கு முதுகு வலித்தது. இப்போது மறுநாள் சாயங்காலத்துக்குள் கிடார் தமிழ்ப் பள்ளிக்குப் போயிற்று, டெலஸ்கோப் லைப்ரரிக்குப் போயிற்று, கயாக்கை எதிர்வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போனார். வேர்த்து ஒழுக உள்ளே வந்த நெடுஞ்செழியன், வேலை செய்கிற இடம் சுத்தமாக இருக்கவேண்டும், நார்வேயில் அதுதான் முதல் பாடம் என்று மனைவிக்கு விளக்கினார்.

கண்மணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆபீஸில் அவள் ப்ராஜெக்ட் மேனேஜர். பிடிவாதமான இருபது பேரிடம் குரல் உயர்த்தாமல் வேலை வாங்கிப் பழகியவள்.

"அப்படிங்களா? அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகள் மளமளவென்று போயின. வண்டிக்கு முதல் எதிரி ஈரம் என்றார் டோர்ஸ்டைன். நெடுஞ்செழியன் அன்றைக்கே வாட்டர் ஹீட்டரின் கசிவை அடைத்தார். அந்தக் கசிவுக்கு ஓவியா மூன்றாம் வகுப்பில் பெயரே வைத்திருந்தாள். கழற்றும் சாமான் கலைந்து போகாமலிருக்கச் சுவர் முழுக்க அலமாரி வேண்டும் என்றார். அடித்தார். மேல்தட்டு மட்டும் நல்ல அகலமாக, பெரிய அண்டா வைக்கிற மாதிரி இருக்கட்டும் என்றார். அண்டா எதற்கு என்று நெடுஞ்செழியன் கேட்கவில்லை. எண்ணெய் வடிக்கவாக இருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். தரைக்குப் பெயிண்ட் என்றார், அடித்தார். நுணுக்கமான வேலைக்குக் கை பழகவேண்டும், வீட்டில் ஓடாத சின்ன மோட்டார் ஏதாவது இருந்தால் பிரித்துப் பாருங்கள் என்றார். மிக்ஸி ஓட ஆரம்பித்தது.

கடைசியாகத்தான் வண்டிக்கு அடியில் போகச் சொன்னார். நெடுஞ்செழியன் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். தலை போயிற்று, மார்பு போயிற்று, வயிறு போகவில்லை. வெளியே வரவும் முடியவில்லை. கண்மணியும் ஓவியாவும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். போனில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த டோர்ஸ்டைன், வண்டியை இன்னும் உயரத் தூக்குவது ஆபத்து, ஆள் இளைப்பதுதான் வழி என்றார். காலையில் நடை, ராத்திரிச் சோற்றுக்குத் தடை, நிறைய நார்ச்சத்து என்று அடுக்கினார். நார்வேக்காரருக்கு நாரைப் பற்றித் தெரியாமலா இருக்கும் என்று நெடுஞ்செழியன் அதையும் கேட்டுக்கொண்டு, கண்மணி இருவேளையும் கிண்டிப் போட்ட ராகிக் களியைச் சாப்பிட்டார். கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர் இதையே சொன்னபோது, அவர் டாக்டரை மாற்றியிருந்தார்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இத்தனைக்கும் நடுவே வண்டி வேலையும் நடந்தது. துருப்பிடித்த பெட்ரோல் டாங்கை இறக்கினார். பிரேக் குழாய்களை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, போட்டோ பார்த்து, திரும்பப் பூட்டி, மிச்சமாக நின்ற ஒரு ஸ்க்ரூவைப் பார்த்துத் திரும்பவும் பிரித்தார். வேறு எதிலும் இவ்வளவு நாள் அவர் தாக்குப்பிடித்ததில்லை. சாம்பார் இப்போது அலையடிக்காமல் இருந்தது. அதை முதலில் கவனித்தவள் கண்மணிதான்.

சாலையோரமெல்லாம் நீலமாகப் புளூபானட் பூக்கிற வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை காலை, சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது. இன்னொரு தரம் திருப்பினார். ஒரு குலுங்கு குலுங்கி, புகையைக் கக்கி, யானை தூங்கி எழுந்த மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. நெடுஞ்செழியனுக்குக் கண் கலங்கிவிட்டது. புகையினால் என்று சொல்லிக்கொண்டார். போனில் டோர்ஸ்டைன் கைதட்டினார். வண்டியும் பிரமாதம், நீங்களும் இப்போது சுலபமாக உள்ளே போய் வருகிறீர்கள், ராகிக் களி நன்றாக வேலை செய்கிறது என்று பாராட்டினார்.

நெடுஞ்செழியன் என்ஜினை நிறுத்தினார்.

லில்லஹாமரில் ராகி கிடைக்குமா என்று கேட்டார். டோர்ஸ்டைன் பொய் சொல்லத் தெரியாதவர். அவருடைய வெள்ளை முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போயிற்று. என் மனைவி கூப்பிடுகிறாள் என்று போனை வைத்துவிட்டார்.

கண்மணி சமையலறையில் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் அவருக்குச் சொல்லிக்குடுத்தியா?"

"ஆமாங்க."

"எப்பருந்து?"

"முதல் வாரம் அவரா சொன்னதுங்க. நான் நாலு வருஷமாச் சொன்னதை, நீங்க ஒரே நாள்ல ஓடியோடிச் செஞ்சீங்க. அப்பத்தான் எனக்கு வழி தெரிஞ்சுது. ரெண்டாவது வாரத்துல இருந்து நான்."

"அந்த மனுஷன் எப்படி ஒத்துக்கிட்டாரு?"

"அவரு ஒண்ணும் பொய் சொல்லலைங்க. அத்தனையும் வண்டிக்கும் நல்லதுதானாம். எதை முதல்ல சொல்றதுன்னு மட்டும் என்னைக் கேட்டுக்குவாரு."

"அந்த மேல்தட்டு?"

"வெட் கிரைண்டருக்குங்க."

நெடுஞ்செழியன் அன்று மத்தியானம் களியைத் தொடவில்லை. சோறு போடச் சொல்லி, வயிறு நிறையச் சாப்பிட்டு, மூச்சுத் திணறிப்போய்ப் படுத்தார். படுத்தபடியே, சமையலறைக்குக் கேட்கும்படி ஒரு சபதம் எடுத்தார். இனிமேல் நார்வேயிலிருந்து எந்தச் சொல் வந்தாலும், அதற்கு நேர் எதிராக நடப்பது. டோர்ஸ்டைன் கிழக்கு என்றால் மேற்கு. தன்னை இனி யாரும் ரிமோட்டில் ஓட்ட முடியாது.

அந்த வாரத்தில்தான் ப்ளேனோவிலிருந்து கண்மணியின் தம்பி ரஞ்சித்குமார், மகனுக்குக் காதுகுத்து என்று போன் பண்ணினான். டாலஸுக்கு வடக்கே, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டவேண்டிய ஊர். அத்தையும் மாமாவும் வந்து நின்றால்தான் முறை என்றான். நெடுஞ்செழியன் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். போன வருஷம் ஒரு பிறந்தநாளில், நாலு பேர் முன்னால் ரஞ்சித், எங்க மாமா ஆரம்பிப்பாரு, முடிக்க மாட்டாரு என்று சொல்லிச் சிரித்திருந்தான். அன்றிலிருந்து அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கண்மணி கெஞ்சவும் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. உங்க இஷ்டமுங்க என்று விட்டுவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை டோர்ஸ்டைன் மன்னிப்புக் கேட்டார். நெடுஞ்செழியன் பெருந்தன்மையாக மன்னித்தார். பேச்சு வண்டிக்குத் திரும்பியது. வண்டியை வீட்டைச் சுற்றி மட்டும் ஓட்டுங்கள் என்றார் டோர்ஸ்டைன். கடைத்தெரு வரை போனால் போதும். நீண்ட தூரம் வேண்டாம். முக்கியமாக, டாலஸுக்குப் போகிற அந்தப் பெரிய ஃப்ரீவே பக்கமே போகாதீர்கள், அந்த அளவுக்கு உங்கள் வேலைப்பாட்டை இன்னும் நம்ப முடியாது.

நம்ப முடியாது. அந்த வார்த்தை நெடுஞ்செழியனைச் சுருக்கென்று குத்தியது. கண்மணியைத் திரும்பிப் பார்த்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவரு சொல்றது சரிதானுங்க. எதுக்கு வம்பு" என்றாள்.

அவருக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. தான் செய்த வண்டியைக் காய்கறி வாங்க மட்டும் ஓட்ட வைக்கப் பார்க்கிறாள். வருகிற சனிக்கிழமை டாலஸ் போகிறோம் என்று அறிவித்தார். கண்மணி இரண்டு தடவை வேண்டாம் என்றாள். மூன்றாவது தடவை, உங்களைத் தடுக்க என்னால ஆகுமா என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் துணி எடுத்து வைத்தாள். பட்டுப்புடவை எதற்கு என்று கேட்டார். பழைய வண்டியில் போகும்போது அதற்கேற்ற மாதிரி உடுத்தவேண்டாமா என்றாள். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது.

முப்பத்தைந்தாம் நம்பர் ஃப்ரீவேயில் வேகன் ஒரு கல்யாண ஊர்வலம் மாதிரி போயிற்று. எல்லாரும் முந்திக்கொண்டு போனார்கள், ஆனால் முந்தினவர்கள் எல்லாரும் கையசைத்தார்கள். டிரக் ஓட்டிகள் ஹாரன் அடித்தார்கள். பின்பக்கம் பார்த்த கடைசி இருக்கையில் ஓவியா தனி ராணியாக உட்கார்ந்து, பின்னால் வருகிற கார்களுக்கெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் இருக்கும் வேக்கோவைத் தாண்டியும் வண்டி நிற்கவில்லை. நெடுஞ்செழியனுக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போயிற்று. இதை யாராவது பார்க்கவேண்டும் என்று இருந்தது. யாராவது இல்லை, ஒருத்தன் பார்க்கவேண்டும்.

"ரஞ்சித் வீட்டு வாசல்ல ஒரு நிமிஷம் நிறுத்தி ஒரு ஹாரன் மட்டும் அடிக்கலாமா?"

"வேண்டாமுங்க. இன்னைக்குத்தான் காதுகுத்து, வீடு நிறைய ஆள் இருக்கும். அவன் எதையாச்சும் சொல்லி வைப்பான்" என்றாள் கண்மணி.

ஆள் நிறைய என்றதும் அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

ப்ளேனோவில் ரஞ்சித்தின் தெரு முழுக்க இருபுறமும் கார்கள் நெருக்கியடித்து நின்றன. ஒரு சைக்கிள் நுழைய இடமில்லை. ஆனால் ரஞ்சித் வீட்டு டிரைவ்வே மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெறுமையாக, வரிசையாக மடக்கு நாற்காலிகள் போட்டு மறித்து வைக்கப்பட்டிருந்தது. நெடுஞ்செழியன் ஹாரனில் கை வைப்பதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரஞ்சித்தே ஓடிவந்து, ஒவ்வொரு நாற்காலியாக எடுத்து ஓரம் வைத்து, நேராக வரும்படி கைகாட்டினான்.

"வாங்க மாமா, அப்படியே உள்ள விடுங்க. வண்டி நீளம், நாலு காருக்கான இடம் விட்டு வையின்னு அக்கா போன வாரமே சொல்லிருச்சு."