ஏரியில் மிதந்து போன பாட்டுக் குழு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் எதற்குப் போனாலும், பந்தியில் சாம்பார் வருவதற்குள் இந்தக் கதை வந்துவிடுகிறது. சொல்கிறவர்கள் ஆளுக்கொன்று சேர்த்துக்கொள்கிறார்கள். போன மாதம் ஆம்பூரில் ஒருவர் முதலையையே விட்டார். முதலை எல்லாம் கிடையாது. எங்கள் ஏரியில் முதலையை விட்டால் முதலைதான் பாவம். அந்தத் தண்ணீர் அப்படி. ஆகவே, நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைத்துவிடுவது நல்லது.

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூரில், மர்பி டவுன் பகுதி. கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து, நகரத்தின் கிழக்குக் கோடியில் ஓர் ஏரிக்குப் பக்கத்தில் ஃபிளாட் வாங்கினோம். 'லேக் வியூ' என்றுதான் விற்றார்கள். வியூ இருந்தது, கூடவே வாசனையும் இருந்தது. ஏரிக்கரைப் பூங்காவில் நுழைவாயில் பக்கம் எல்லாம் ஜோர்: பெயின்ட் அடித்த பெஞ்சு, நடைபாதை, உடற்பயிற்சி செய்யும் இரும்புக் கருவிகள். மேற்கு மூலையில்தான் விஷயம். அங்கே ஒரு கால்வாய், அக்கம்பக்கத்துச் சாக்கடையை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து ஏரியில் கொட்டும். அந்த மூலைக்கு யாரும் போக மாட்டார்கள். நாய்கள்கூட வழியிலேயே திரும்பிவிடும்.

பூங்காவை மேம்படுத்தக் குடியிருப்போர் குழு ஒன்று இருந்தது. செயலாளர் பிரபாகர் சார், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, தங்கமான மனிதர் (நானே சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்). அவருக்கு ஒரே கனவு, ஏரி நடுவில் பாட்டுக்குத் தக்கபடி ஆடும் கலர் நீரூற்று. எனக்கு அந்தக் கால்வாயை அடைக்க வேண்டும். அதுவரை தண்ணீரைக் கொஞ்சமாவது சுத்தம் செய்ய ஒரு மிதக்கும் தோட்டம் வேண்டும்.

"மேடம், செடியை யார் மேடம் பார்க்கறது? கலர் லைட்டு, மியூசிக்கு, நீரு மேல எழும்புது... ஜனா பர்த்தாரே!" என்பார். (ஜனங்கள் வருவார்களாம்.)

"வந்த ஜனம் மூக்கைப் பிடிச்சுட்டு ஓடும் சார்" என்பேன்.

ஒவ்வொரு கூட்டமும் இப்படியே முடியும். நான் சளைக்கவில்லை. நீல பிளாஸ்டிக் டிரம்களைச் சேர்த்து, மேலே மூங்கில் கட்டி, ஓரமெல்லாம் கல்வாழையும் வெட்டிவேரும் நட்டு, நடுவில் நிற்க ஒரு பலகை போட்டு, மிதக்கும் தோட்டத்தைச் செய்தே முடித்துவிட்டேன். கரையில் ஒரு கம்பத்தில் கட்டிப் போட்டிருந்தது. பார்க்க ஒரு கட்டிலில் செடி முளைத்த மாதிரி இருக்கும். எனக்கு அது ஊட்டி.

டிசம்பரில் குழு சார்பில் குளிர்காலக் கொண்டாட்டம். கன்னடத்தில் 'சளிகாலத உத்சவ' என்று ஊரெல்லாம் மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆம்பூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் ஜன்னலைத் திறந்து கேட்டுவிட்டு, "ஏன் அண்ணி, சளிக்கெல்லாம் இங்க திருவிழா வெக்கிறாங்களா?" என்றாள். காலையில் பறவை பார்ப்பது, யோகா, மாலையில் சுடச்சுட அவரைக்கொட்டை வடையும் தோசையும். கடைசி நாள் சிறப்பு விருந்தினர், ஏரிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். அடுத்த வருட வேலை நீரூற்றா, கால்வாயா என்று அவர்தான் மேலே எழுத வேண்டும். அந்த மனிதரை எத்தனையோ தடவை மேற்கு மூலைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். வாயிற்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "நெக்ஸ்ட் டைம், மேடம்" என்று போய்விடுவார்.

அன்றைக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு என் பொறுப்பு. குழுவில் மூன்று பேர். நான், எங்கள் சர்ச் மேபெல் அக்கா, கிட்டார் வாசிக்கும் டொமினிக். மேபெல் அக்காவுக்கு வெண்கலக் குரல். ஆனால் வாயைத் திறந்தால் கண்ணை மூடிவிடுவார். பாட்டு முடிந்து ஆமென் சொன்ன பிறகுதான் திறப்பார். நான் ஒரு யோசனை சொன்னேன், மிதக்கும் தோட்டத்தின் மேல் நின்று பாடுவோம் என்று. இன்ஜினியர் கண்ணிலிருந்து அது தப்பக் கூடாதல்லவா?

"பேடா மேடம்" என்றார் பிரபாகர் சார். வேண்டாமாம்.

"ஏன் சார்? நாலு பேர் மேல ஏறி நின்னு செடி நட்டோம். மூணு பேர் நின்னு பாடினா முழுகிடுமா?"

முழுகவில்லை. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் செல்வத்துக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம். எலும்பும் தோலுமான மனிதர். வயிற்றில் தலையணையைக் கட்டி, சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, வெள்ளைக் கையுறை எல்லாம் மாட்டி விட்டேன். பிறகு தோட்டத்தில் ஏறி நின்று பார்த்தால், கரைக்கு மிக ஒட்டினாற்போல் இருந்தது. மேடை மாதிரியே இல்லை.

"ஏங்க, கம்பத்துல சுத்தியிருக்கிற கயித்தை அவுத்துக் கையில பிடிச்சுக்குங்க. கொஞ்சம் தள்ளி நின்னாத்தான் அழகா இருக்கும்."

"கம்பத்துலயே இருக்கட்டுமே, ரெஜி."

"நீளம் பத்தாதுங்க. சும்மா பிடிச்சுட்டு நில்லுங்க. அப்படியே ஃபோன்ல வீடியோவும் எடுத்துடுங்க."

இதில் என் தவறு என்ன? மனிதனுக்கு இரண்டு கை. ஒன்றில் கயிறு, ஒன்றில் ஃபோன். இதற்கு மேல் ஒரு வேலையை நியாயமாகப் பங்கிட முடியுமா? ஆனால் கையுறை போட்ட விரலுக்கு ஃபோன் அசையவில்லையாம். கையுறையைக் கழற்ற ஒரு நொடி கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டாராம். அந்த நொடியில் கிழக்கிலிருந்து ஒரு காற்று.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் பாடிக்கொண்டிருந்தேன். கரையிலிருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே போனார்கள். பாட்டில் மயங்கி, மரியாதையாகப் பின்னால் நகர்கிறார்கள் என்று நினைத்தேன். (அப்போதெல்லாம் எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம்.)

டொமினிக்தான் ஒரு தந்தியும் பிசகாமல், உதட்டை அசைக்காமல் சொன்னார்: "மேடம்... நாம போறோம்."

திரும்பிப் பார்த்தேன். கரையில் செல்வம் ஒற்றைக் கையுறையோடு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கயிறு எங்கள் பின்னால் சாவகாசமாக நீந்தி வந்தது. யோசிக்க நேரமில்லை. ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. பாட்டை நிறுத்தினால் இது விபத்து. நிறுத்தாத வரைக்கும் நிகழ்ச்சி.

"வாசிங்க டொமினிக். நிறுத்தாதீங்க. அக்காகிட்ட மூச்சு விடாதீங்க."

மேபெல் அக்காவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். தொட்டித் தண்ணீரையே எட்டி நின்றுதான் மொள்வார். கயிறு கரையில்தான் இருக்கும் என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் தோட்டத்தில் ஏறியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, மார்பில் கை வைத்து, மூன்றாம் சரணத்தில் இருந்தார். நாமக்கோழிகள் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டன. கரையில் பிரபாகர் சார் மைக்கைப் பிடித்துவிட்டார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே சமயோசிதமான காரியம் அது.

"நோடி, நோடி! தேலுவ ஹாடு! சப்பாளே!" மிதக்கும் பாட்டாம், கை தட்ட வேண்டுமாம். ஜனம் தட்டியது. இன்ஜினியரும் வடையை வாயில் வைத்துக்கொண்டு தட்டினார். எங்களை வழியனுப்பி வைத்த மாதிரி இருந்தது.

தோட்டத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது, செடிகளை மிதிக்காதீர்கள் என்று. அதைப் பிடுங்கித் துடுப்புப் போட்டேன். நான் வலப்பக்கம் தள்ளத் தள்ள, தோட்டம் நின்ற இடத்தில் வட்டமடித்தது. கரைக்காரர்கள் அதற்கும் தட்டினார்கள்.

"கிட்டாரை வெச்சு அந்தப் பக்கம் தள்ளுங்க டொமினிக்!"

"மேடம், என் உயிர் வேணா எடுத்துக்குங்க."

செல்வம் கரையோரமாக ஓடி வந்துகொண்டிருந்தார். அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிறிஸ்துமஸ் தாத்தா ஓடுவதைப் பார்த்தால் பிள்ளைகள் சும்மா இருக்குமா? மிட்டாய் கொடுக்காமல் தப்பித்து ஓடுகிறார் என்று நினைத்து, பூங்காவிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் துரத்தினார்கள். பாதி வழியில் வயிறு கழன்று விழுந்தது. ஒரு நாய் அதைக் கவ்விக்கொண்டு போயிற்று. அது எங்கள் வீட்டின் நல்ல தலையணை.

ஒருவழியாக ஆகாயத்தாமரைக் கூட்டத்தில் இடித்து நின்றோம். அதே நேரம் பாட்டும் முடிந்தது. மேபெல் அக்கா ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தார்.

"ரெஜினா... ஜனமெல்லாம் எங்கடி?"

பிறகு கீழே பார்த்தார். அதன் பிறகு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பாதிரியாரிடம் பிற்பாடு அவரே சொல்லிவிட்டார். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் மூவருக்கும் ஒரே சமயத்தில் அந்த வாசனை உறைத்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். சோப்பு நுரை, பிளாஸ்டிக் கவர்கள், கறுப்புத் தண்ணீர். காற்று எங்களைக் கொண்டுபோய் மேற்கு மூலையில், என்னுடைய கால்வாயின் வாயிலேயே நிறுத்தியிருந்தது.

ஏரியில் மீன் பிடிக்கிறவர் பரிசலோடு வந்தார். மேபெல் அக்காவையும் டொமினிக்கையும் கிட்டாரையும் ஏற்றிக் கரையில் விட்டு, எனக்காகத் திரும்பி வந்தார். அதற்குள் கூட்டமெல்லாம் ஏரியைச் சுற்றி அங்கே வந்து சேர்ந்திருந்தது. பிரபாகர் சாருக்குப் பின்னால், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு இன்ஜினியர்.

"ஏன்ரீ இது, இஷ்டு நாத்தா?" என்றார். ஏன் இவ்வளவு நாற்றம் என்று என்னைக் கேட்கிறார்! என்னை!

எனக்குள் என்னவோ ஏறிவிட்டது. சிரிப்புக்கிடமாகத்தான் நிற்கிறேன், தெரிகிறது. சிவப்புப் பட்டுப்புடவை, கையில் பலகை, சுற்றிலும் கல்வாழை. ஆனால் அந்த மனிதர் இந்த இடத்துக்கு வந்துவிட்டார். இனி எப்போது வருவார்?

பரிசல்காரர் கையை நீட்டினார். "நான் வரல" என்றேன்.

"ரெஜி, ஏறி வா. ஜனம் பாக்குது" என்று கரையிலிருந்து கெஞ்சினார் செல்வம். தாடி ஒரு காதில் தொங்கியது.

"பாக்கட்டும்! சார், இதைத்தான் நான் இத்தனை மீட்டிங்கா சொன்னேன். நீங்க பெஞ்சுல உக்காந்து காபி குடிச்சுட்டுப் போனீங்க. முன்னாடி வந்து அந்தக் கால்வாயைப் பாருங்க. பாத்தாத்தான் நான் எறங்குவேன்!"

இன்ஜினியர் பிரபாகர் சாரைப் பார்த்தார். பிரபாகர் சார் வானத்தைப் பார்த்தார். பிறகு இன்ஜினியர் மெதுவாக இரண்டு எட்டு வைத்து, குனிந்து கால்வாயைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். எனக்கு நெஞ்சு விம்மியது. "அதோ அங்கதான் சார்!" என்று பலகையை வீசிக் காட்டினேன்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். வீசிய வேகத்தில் தோட்டம் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் குப்புறப் போனேன்.

மூழ்கிவிட்டேன் என்றே நினைத்தேன். கையைக் காலை உதறி, இயேசுவே என்று அலறி எழுந்து நின்றால், தண்ணீர் முழங்கால் மட்டும்தான். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நான் முகத்திலிருந்த சேற்றை வழித்துவிட்டு, கையை நீட்டியபடியே சொன்னேன்: "அங்கதான் சார்."

பெங்களூரில் ஆட்டோக்காரர் வர மறுப்பது புதிதல்ல. மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுத்தது அன்றுதான். நடந்தே வீட்டுக்கு வந்தோம். செல்வம் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். அந்தப் புடவையை எத்தனை தடவை அலசியும் பயனில்லை. கடைசியில் நாத்தனார் அதைக் கம்பால் தூக்கி வெளியே போட்டாள். செல்வம் எடுத்த வீடியோவில் வானமும், பஞ்சுத் தாடியும், ஒரு ஷூவும் இருக்கின்றன.

ஆனால் அடுத்த மழைக்காலத்துக்கு முன் அந்தக் கால்வாயைத் திருப்பிக் குழாயில் விட்டார்கள். அது ஏற்கெனவே திட்டத்தில் இருந்ததுதான் என்கிறார் பிரபாகர் சார். சொல்லிக்கொள்ளட்டும். அவருடைய நீரூற்றும் ஒருநாள் வந்தது. தோட்டக் குழாயில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை (ரொம்ப நேரம்). மிதக்கும் தோட்டத்தை யாராலும் ஆகாயத்தாமரையிலிருந்து இழுத்து வர முடியவில்லை. அங்கேயே நிற்கிறது. கல்வாழை பூத்து, தாழைக்கோழி ஒன்று குஞ்சும் பொரித்தது. மேபெல் அக்கா இப்போது கண்ணைத் திறந்துகொண்டு பாடுகிறார். சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டது என்று சர்ச்சில் என்னைத்தான் குறை சொல்கிறார்கள்.

வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு வாக்கியம். செல்வத்திடம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை சொல்லிவிடக் கூடாது. பால் அடுப்பில் இருக்கிறது, கதவையும் திறங்க என்றால் போதும். "எதை விடணும்னு முன்னாடியே சொல்லிடு, ரெஜி" என்பார். என் மகள் கல்லூரியில் இதைப் பரப்பிவிட்டாள். நாத்தனார் ஆம்பூரிலிருந்து ஃபோனில் சொல்கிறாள். நான் ஒவ்வொரு தடவையும், "எதையும் விடக் கூடாது. கை ரெண்டு இருக்குல்ல?" என்றே பதில் சொல்லி வருகிறேன். ஒரு தடவைகூட இறங்கி வந்ததில்லை.

போன வாரம் பால்கனியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தேன். ஆடுகிற ஸ்டூல். செல்வம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே என் ஃபோன் அடித்தது. "ஏங்க, அதைக் கொஞ்சம் எடுங்க" என்றேன்.

கீழேயிருந்து ஒரு பெருமூச்சு. "எதை விடணும், ரெஜி?"

நான் ஒரு கணம் யோசித்தேன்.

"ஃபோனை விடுங்க" என்றேன்.

தோற்றுவிட்டேன் என்று அன்று மாலைக்குள் ஆம்பூர் வரை செய்தி போய்விட்டது. தோல்வி எல்லாம் இல்லை. எங்கள் வீடு நான்காவது மாடி.