எறும்புக்கும் வயிற்றுக் கோளாறு

இனிமேல் கடுக்காய்ப் பொடி என் தொண்டையைத் தாண்டாது. இது என் வீரத் தீர்மானம்.

மலேசியாவில் பகாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவன் நான். எந்தப் பள்ளத்துக்கும் பயந்ததில்லை. என் மனைவி மோகனா கரண்டியோடு வந்தால் மட்டும் ரிவர்ஸ்தான். நாளெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மைதா ரொட்டி சானாய் தின்றதில் வயிறு வேலைநிறுத்தம் செய்துவிட்டது. அதற்குத்தான் இந்தப் பொடி. வாயில் போட்டால் நாக்கு சுருண்டு உள்ளே ஓடிவிடும்.

இதில் நிபந்தனை வேறு.

"ஞாயித்துக்கெழம சன்னாசி அண்ணன் கார்ல போர்ட்டிக்சன் கடலுக்கு மீன் புடிக்கப் போவணும்னா, அதுவரைக்கும் டெய்லி மருந்து உள்ள போவணும். இல்லாட்டி வீட்டுலயே இருந்து செவுத்துக்குச் சாயம் அடிங்க."

சன்னாசி பக்கத்து வீட்டுக்காரன். என் தூண்டிலும் தொப்பியும் அப்போதே வாசலுக்கு வந்துவிட்டன. விடுவேனா? டவுன் மருந்துக்கடையில் காலி கேப்சூல் கூடு ஒரு பை வாங்கினேன். பாதி சிவப்பு, பாதி வெள்ளை. உள்ளே இருப்பது எமனுக்கும் தெரியாது.

"பொடிய இதுல அடைச்சு முழுங்கிடுறேன் மோகனா. ருசியே தெரியாது."

"யாரு அடைக்கிறது?"

"நானே அடைக்கிறேன்லா! உனக்கு எதுக்குச் செரமம்?"

பாலில் கலக்கும் இனிப்பு மைலோத் தூள் கூட்டுக்குள் போனது. கடுக்காய் முருங்கை மரத்தடிக்குப் போனது. சாப்பிட்டதும் அவள் கண்ணெதிரே இரண்டு முழுங்கி, முகத்தைக் கோணிக் காட்டுவேன்.

"ருசியே தெரியாதுன்னீங்க. அப்புறம் ஏன் மூஞ்சி இப்புடிப் போவுது?"

"பழக்கதோஷம்."

சனிக்கிழமை காலை அலமாரியில் எறும்பு ஊர்வலம். நேராகக் கேப்சூல் பாட்டிலுக்குத்தான்.

"ஏங்க, கடுக்காயை எறும்பு மொய்க்குதே?"

எனக்குத் திக்கென்றது. நல்லவேளை, பதிலையும் அவளே சொன்னாள்.

"பாவம், அதுக்கும் வயித்துக் கோளாறு போல."

அப்பாடா! இவ்வளவு வெகுளியா என் பெண்டாட்டி? அன்று லாரியில் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர்கூட ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சாயங்காலம் சன்னாசியும் அவன் மனைவி விமலாவும் வந்தார்கள். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று பேச்சு.

"இவரு எங்கண்ணே வர்றது?" என்றாள் மோகனா. "இத்தன நாளு தின்னும் வயிறு அசையல."

கைக்கு எட்டிய மீன் நழுவுகிறதே! எழுந்தேன்.

"டோஸ் பத்தல. இன்னிக்கு ஆறு போடுறேன், பாரு!"

"ஐயோ வேணாங்க, ரெண்டே போதும்!"

"நீ சும்மா இருலா!"

மைலோதானே? ஆறையும் ஒரே மடக்கில் முழுங்கினேன். சன்னாசி கைதட்டினான். "மச்சான், நீ ஆம்பளைய்யா!"

பொழுது விடியும்போது என் வயிற்றுக்குள் யாரோ கியர் மாற்றினார்கள். பாத்ரூமுக்கு ஓடினேன். வந்தேன். மறுபடி ஓடினேன். வெளியே சன்னாசியின் ஹாரன்.

கதவுக்கு அந்தப் பக்கம் மோகனாவின் குரல் குழைந்தது.

"ஏங்க, எறும்பப் பாத்ததுமே எல்லாக் கூட்டையும் தொறந்து கடுக்காய மாத்தி அடைச்சிட்டேன். ரெண்டு போதும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?"

"அடிப்பாவி! அப்ப உள்ள இருந்த மைலோ?"

"வீணாக்குவேனா? ஃபிளாஸ்க்ல கலந்தாச்சு. கடற்கரையில குடிக்கத்தான்."

"யாரு குடிக்க?"

"கார்ல ஒரு எடம் சும்மாதானே கெடக்கு? விமலா அண்ணி கூப்புட்டாங்க. கஞ்சி அடுப்புல இருக்கு, குடிங்க. நடுநடுவுல நேரம் கெடச்சா சாயமும் அடிங்க."

பாத்ரூம் ஜன்னலில் எம்பிப் பார்த்தேன். கார் நகர்ந்தது. என் தொப்பி போர்ட்டிக்சனுக்குப் போய்க்கொண்டிருந்தது, அவள் தலையில்.