முன்னால் வரும் மான்களைச் சுடக் கூடாது

விமானம் மலைமுகட்டைத் தாண்டி மறைந்த பிறகுதான் டெல்மர் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்தார். துப்பாக்கி இருந்தது. அதன் போல்ட் இல்லை.

தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டுக்குத்தான் போல்ட் என்று பெயர். அது இல்லாவிட்டால் துப்பாக்கியை வைத்து அடுப்பு ஊதலாம், அவ்வளவுதான். ஃபேர்பேங்க்ஸில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அதைத் தனியே கழற்றி, ஒரு பழைய காலுறைக்குள் போட்டு, சமையலறையில் டோஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. அங்கிருந்து எடுத்ததுதான் ஞாபகம் இல்லை.

பத்தடி தள்ளி லுண்ட் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். "மறந்துட்டேன்ப்பா" என்று ஒரே வார்த்தை. டெல்மர் வாயைத் திறந்தார். அதற்குள் லுண்ட் நிமிர்ந்து பார்த்து, "உங்க கூட வந்தது என் அதிர்ஷ்டம்" என்றார். டெல்மர் வாயை மூடிக்கொண்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. டெல்மர் பன்னிரண்டு வருடங்களாக மைத்துனர் ஆரினோடுதான் கரிபு மான் வேட்டைக்குப் போய்வந்தார். சுடுவது ஆரின், சுமப்பது டெல்மர். ஆரின் ஆரிகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு, ஹீட்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டெல்மர் அந்தக் கதைகளையெல்லாம் சொல்வார். சொல்லச் சொல்ல, கதையில் ஆரின் மெலிந்துகொண்டே போய் ஒருநாள் காணாமலே போனார். வசந்த காலத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த லுண்ட் அந்தக் கதைகளை வாய் பிளந்து கேட்டார். கடமான் சுட்டிருக்கிறேன், கரிபுக்குப் போனதே இல்லை, என்னையும் கூட்டிக்கொண்டு போவீர்களா என்றார். இப்படித்தான் செப்டம்பரில் இருவரும் வடக்கே கோட்ஸெபு ஊரில் விமானி ஆக்னஸின் சின்ன விமானத்தில் ஏறி, ஆற்றோர மணல்திட்டில் இறங்கியிருந்தார்கள். ஆக்னஸ் திரும்பி வர ஏழு நாள் ஆகும். வீட்டில் டெல்மரின் மனைவி நாடின் பெரிய ஃப்ரீசரைக் காலி செய்து, துடைத்து, கதவைத் திறந்து வைத்திருந்தாள். குளிர்காலம் முழுக்க அந்த இறைச்சிதான்.

முதல் நாள் பிழைத்தார். விமானத்தில் வந்திறங்கிய அன்றைக்குச் சுடக் கூடாது என்பது சட்டம். அன்று சாயங்காலமே, போல்ட் இருக்க வேண்டிய ஓட்டை தெரியாதபடி துப்பாக்கியின் நடுவில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டினார். லுண்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்று மணல் உள்ளே போய்விடக் கூடாது பாருங்கள் என்றார் டெல்மர். மறுநாள் காலையில் லுண்டின் துப்பாக்கியிலும் ஒரு துணி சுற்றியிருந்தது.

அன்று மதியம் எதிர்க்கரையில் முப்பது கரிபுகள் வரிசையாக இறங்கின. கொம்புகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் இங்கே வரை கேட்டது. லுண்ட் டெல்மரைப் பார்த்தார். டெல்மருக்கு வியர்த்தது.

"முன்னால வர்றதுகளைச் சுடக் கூடாது" என்றார். "அதுங்கதான் வழிகாட்டி. அதுங்களைச் சுட்டா பின்னால வர்ற கூட்டமெல்லாம் திசை மாறிடும்."

இது அந்தப் பக்கத்து மக்கள் நிஜமாகவே சொல்வதுதான். ஆரின்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு இரண்டாவது வரிசையைச் சுட்டார் என்பதுதான் வித்தியாசம். லுண்ட் மெதுவாகத் தலையாட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

டெல்மர் தன் துப்பாக்கித் துணியின் முடிச்சை இன்னும் இறுக்கினார்.

மூன்றாம் நாள் நூற்றைம்பது மான்கள் வந்தன. காற்று சரியில்லை என்றார் டெல்மர். காற்று சரியானதும், கொம்பு போதாது என்றார். நாலாம் நாள் தலையில் மரத்தையே சுமந்து வருவது போல ஒரு கிடா, கல்லெறி தூரத்தில் நின்று இவர்களை வேடிக்கை பார்த்தது. இவ்வளவு வயதான கிடாவின் இறைச்சி நாடினுக்குப் பிடிக்காது என்று சொல்லவேண்டியதாயிற்று. லுண்ட் ஒருமுறைகூட மறுத்துப் பேசவில்லை. "நீங்க சொன்னா சரிதான்" என்பார், நோட்டை எடுப்பார்.

போல்ட்டை எப்படியாவது வரவழைத்துவிடலாம் என்று டெல்மருக்கு யோசனை வந்தது. அவசரத்துக்கென்று ஆக்னஸ் ஒரு சாட்டிலைட் போன் கொடுத்திருந்தார். அதில் பேச வேண்டுமானால் திறந்த மணலில் நின்று கத்த வேண்டும். லுண்ட் ஆற்றுக்குப் போன சமயம் பார்த்து டெல்மர் அதை எடுக்கப் போனால், போன் லுண்டிடம்தான் இருந்தது. மழை வருமா என்று கேட்கத்தான் எடுத்தேன் என்றார் லுண்ட். நானும் அதற்குத்தான் என்றார் டெல்மர். ஆகவே இருவரும் சேர்ந்து நின்று ஆக்னஸிடம் மழையைப் பற்றி விசாரித்தார்கள். லுண்ட் அதோடு விடவில்லை. இப்படிப் பொறுமையான வேட்டைக்காரரை நான் பார்த்ததே இல்லை, ஊருக்குப் போனதும் பட்டறையில் எல்லாருக்கும் சொல்லப்போகிறேன் என்று போனில் கத்தினார். ஆற்றின் அந்தக் கரையிலிருந்து அது எதிரொலித்தது.

அன்றிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலங்களும் குறைய ஆரம்பித்தன. மான் கறி கிடைத்துவிடும் என்று நம்பிக் குறைவாகக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு வேளை ஓட்ஸ் கஞ்சி, ஒரு வேளை காபி. டெல்மர் தன் பங்கில் பாதியை லுண்டின் கிண்ணத்தில் போட்டார். லுண்ட் நெகிழ்ந்துபோய்விட்டார். அது டெல்மரை இன்னும் குத்தியது.

ஐந்தாம் நாள் காலை கரடி வந்தது.

பெரிய பழுப்புக் கரடி. புதர்களுக்குள் புளூபெர்ரி தின்றுகொண்டிருந்தது, கஞ்சி வாசனைக்குத் தலையைத் தூக்கி, நாற்பது அடி தூரத்தில் வந்து நின்றது. இருவரும் துணி சுற்றிய துப்பாக்கிகளைத் தூக்கிக் குறி பார்த்தார்கள்.

"அவசரப்படாதீங்க" என்று லுண்ட் கிசுகிசுத்தார்.

"நான் அவசரப்படலை" என்றார் டெல்மர். அது உண்மை.

கரடி பின்னங்கால்களில் எழுந்து நின்று, இருவரையும் மாறி மாறி முகர்ந்தது. பிறகு இவர்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று முடிவு செய்தது போலத் திரும்பி நடந்து போய்விட்டது.

லுண்ட் கூழாங்கற்களின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "நீங்க பக்கத்துல நிக்கலைன்னா நான் ஓடியிருப்பேன். ஓடியிருந்தா செத்திருப்பேன். உங்க தைரியத்துலதான் நின்னேன்."

டெல்மரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. துப்பாக்கியைக் கொண்டுவந்து லுண்டின் காலடியில் வைத்தார். துணியை அவிழ்த்தார். ஓட்டை வழியே ஆற்றுக் கூழாங்கற்கள் தெரிந்தன. எல்லாவற்றையும் சொன்னார்: டோஸ்டர், காலுறை, காற்று, கொம்பு, ஆரின், பன்னிரண்டு வருடம் சுமந்தது எல்லாம். தலையை நிமிர்த்தாமலே சொன்னார். உங்கள் உயிரோடு விளையாடிவிட்டேன், இனி என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றார்.

லுண்ட் வெகுநேரம் ஓட்டையையே பார்த்தார். அவர் முகத்தில் ஏதேதோ வந்து போயிற்று. கோபம் என்று டெல்மர் நினைத்தார். கடைசியில் லுண்ட் நோட்டை எடுத்து, எழுதிய பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

"யாருக்கும் வரக்கூடியதுதான்" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்கக் கூடாது. வேட்டைக்குக் கிளம்பறவன் வீட்டு வாசல்ல ஒரு தடவை, விமானத்துல ஏறும்போது ஒரு தடவை, சாமானைத் தொட்டுப் பாக்கணும்."

டெல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, நீங்களாவது சுடுங்கள், நான் அறுத்துச் சுமக்கிறேன், அது எனக்குப் பழகிய வேலை என்று கெஞ்சினார். லுண்ட் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீங்க வெறுங்கையோட நின்னு பாக்க, நான் மட்டும் சுடறதா? அப்படிப்பட்ட ஆளு நான் இல்லை. கூட்டாளின்னா கடைசி வரைக்கும் கூட்டாளிதான்."

இப்படி ஒரு மனிதரை டெல்மர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. மீதி இரண்டு நாளும் அவருக்குப் பணிவிடை செய்தே கழிந்தது. காபி போட்டுக் கொடுத்தார். கூடாரத்தில் ஒழுகாத பக்கத்தை அவருக்கு விட்டுவிட்டு ஒழுகும் பக்கத்தில் படுத்தார். லுண்டின் ஈரக் காலுறைகளைத் தீயில் காட்டி உலர்த்தினார். கடைசி சாக்லேட்டை முழுசாக அவர் கையில் வைத்தார். லுண்ட் எல்லாவற்றையும், மன்னித்துவிட்டவர்கள் வாங்கிக்கொள்கிற மாதிரி, லேசாகத் தலையசைத்து வாங்கிக்கொண்டார். ஆறாம் நாள் முழுக்க ஐந்நூறு மான்கள் மணல்திட்டைச் சுற்றிக்கொண்டு போயின. இரண்டு குட்டிகள் கூடாரக் கயிற்றில் தடுக்கி விழுந்து எழுந்து போயின. லுண்ட் துப்பாக்கியைத் தொடவே இல்லை. டெல்மர் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஏழாம் நாள் மதியம் விமானம் வந்தது. ஆக்னஸ் இறங்கி, இடுப்பில் கை வைத்து மணல்திட்டைச் சுற்றிப் பார்த்தார். அறுபது வயதுக்காரி, நாற்பது வருடமாக அந்த ஊர்க்காரர்களையும் வெளியூர்க்காரர்களையும் ஏற்றி இறக்குகிறவர். மேலிருந்து பார்த்தால் இந்த ஆற்றங்கரையில் மான் தவிர வேறொன்றும் தெரியவில்லையே, கறி எங்கே என்று கேட்டார்.

டெல்மர் தரையைப் பார்த்தார். தானே சொல்லிவிடலாம் என்று தொண்டையைக் கனைத்தார். அதற்குள் லுண்ட் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, பெருந்தன்மையாக, ஒன்றுவிடாமல் ஆக்னஸிடம் சொன்னார். டோஸ்டரைச் சொன்னார், காலுறையைச் சொன்னார், கரடி வந்தபோது தான் மட்டும் குறி பார்த்து நின்று இருவர் உயிரையும் காப்பாற்றியதைச் சொன்னார். இவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை, இவருக்காகத்தான் நானும் ஒரு தோட்டாகூடச் செலவழிக்கவில்லை, பட்டறையிலும் மூச்சுவிட மாட்டேன் என்றார். டெல்மருக்கு மறுபடி கண் கலங்கியது. லுண்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆக்னஸ் பொறுமையாகக் கேட்டு முடித்தார். பிறகு விமானத்துக்குள் குனிந்து, பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கனமான பச்சை டப்பாவை இழுத்து மணலில் வைத்தார்.

"அவரு கதை இருக்கட்டும், லுண்ட். உன் தோட்டா அத்தனையும் ஏழு நாளா இங்கதானே கிடக்கு, நீ எதை வச்சு அந்தக் கரடிக்குக் குறி பாத்த?"